ஒரு குழந்தைக்கு எவ்வளவு இரத்தம் வேண்டும்?

வீட்டில் யாராவது வைத்தியசாலைக் கதை சொல்லும்போது கவனித்துக் கேட்டுப் பாருங்கள். "சேலைன் ஏத்தினவை" என்பார்கள். தமிழ்நாட்டுக்காரர் என்றால் "குளுக்கோஸ் ஏத்தினாங்க" என்பார்கள். இரத்தத்துக்கும் அதே சொல்தான்: "இரத்தம் ஏத்தினவை." லொறியில் மூட்டை ஏற்றுவது போல அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிடுவோம்.

ஆனால் ஒரு சின்னப் பிள்ளையின் உடம்பில் எதையாவது ஏற்றுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். எதை ஏற்றுவது? யாருடையதை ஏற்றுவது? எவ்வளவு ஏற்றுவது? இந்தப் பதில்களைத் தேடிய கதை 350 வருடங்களுக்கு மேல் நீளமானது. முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஓரளவு நல்ல பதில் கிடைத்துவிட்டது. மூன்றாவதுதான் மருத்துவர்களை அதிகம் சோதித்தது. இந்தப் பதிவு அந்தக் கதையைப் பற்றியது.

ஆட்டுக்குட்டியின் இரத்தம்

1667 ஜூன் மாதம், பரிஸ். பதினான்காம் லூயி மன்னரின் மருத்துவர்களில் ஒருவரான ஜோன் பப்திஸ்த் தெனி என்பவரிடம் 15 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். அவனுக்கு நீண்ட நாள் காய்ச்சல். அந்தக் காலத்தில் காய்ச்சலுக்கு வைத்தியம் இரத்தத்தை வெளியே எடுப்பது. அவனுக்கு அப்படி ஏறக்குறைய 20 தடவை எடுத்திருந்தார்கள். பையன் சோர்ந்து, எப்போதும் தூக்கத்தில் இருந்தான். தெனி ஓர் ஆட்டுக்குட்டியின் கழுத்திலிருந்து சிறிதளவு இரத்தத்தை அவனுடைய உடம்பில் செலுத்தினார். பையன் பிழைத்துவிட்டான்.

மனிதருக்கு இரத்தம் ஏற்றியதாகப் பதிவான முதல் சம்பவம் இது. நோயாளி ஒரு சிறுவன் என்பதைக் கவனியுங்கள். அவன் பிழைத்ததற்குக் காரணம் ஆட்டின் இரத்தம் அல்ல. செலுத்திய அளவு குறைவாக இருந்தது. அதனால் அவனுடைய உடம்பு அதைத் தாங்கிக்கொண்டது. பிறகு தெனி ஒரு பெரியவருக்குக் கன்றுக்குட்டியின் இரத்தத்தைப் பல தடவை ஏற்றினார். அவர் இறந்தார், வழக்கு நடந்தது. அவருடைய மனைவி கொடுத்த நஞ்சுதான் காரணம் என்று நீதிமன்றத்தில் தெரியவந்து, தெனி விடுவிக்கப்பட்டார். ஆனாலும் பிரான்சில் இரத்தம் ஏற்றுவது தடை செய்யப்பட்டது. அதன்பின் 150 வருடங்களுக்கு மருத்துவர்கள் இந்தப் பக்கம் பெரிதாக வரவில்லை. 1818இல் லண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் என்ற மகப்பேற்று மருத்துவர்தான் மனித இரத்தத்தை மனிதருக்கு ஏற்றும் வேலையைத் தொடங்கினார்.

உப்புத் தண்ணீர்

இரத்தம் இல்லாமல் வெறும் தண்ணீரும் உப்பும் ஒருவரைக் காப்பாற்றும் என்பது கொலரா கற்றுக்கொடுத்த பாடம். வங்காளத்திலிருந்து புறப்பட்ட கொலரா 1831இல் இங்கிலாந்தை அடைந்தது. வில்லியம் ஓஷாக்னெசி என்ற 22 வயது இளைஞர் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்து, அதில் தண்ணீரும் உப்புக்களும் குறைந்துபோயிருப்பதைக் கண்டார். அடுத்த வருடம் ஸ்கொட்லாந்தின் லீத் நகரில் தோமஸ் லாட்டா என்ற மருத்துவர் உப்புக் கரைசலை நேராக நாளத்தில் செலுத்திப் பார்த்தார். சாவின் விளிம்பில் கிடந்த ஒரு வயதான பெண் எழுந்து பேசினார். ஆனால் தொடர்ந்து கொடுக்கவில்லை. சில மணி நேரத்தில் பேதி திரும்பவும் வந்து அவர் இறந்தார். பின்னர் சிகிச்சை பெற்ற சிலர் பிழைத்தார்கள். லாட்டா அடுத்த வருடமே காலமானார். கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலம் அது. இந்த முறை விரைவில் கைவிடப்பட்டது.

1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருமுறை உதவியாளர் சுத்திகரித்த நீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரில் கரைசலைத் தயாரித்துவிட்டார். வழக்கத்தை விட இதயம் நன்றாகத் துடித்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த கல்சியம்தான் காரணம். வெறும் உப்பு போதாது, வேறு உப்புக்களும் சரியான அளவில் வேண்டும் என்று அதிலிருந்து தெரிந்தது.

இதைக் குழந்தைகளுக்குப் பொருத்தியவர் அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் நகரத்துக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன். வயிற்றோட்டத்தால் வாடிய குழந்தைகளின் இரத்தத்தில் அமிலத்தன்மை கூடிவிடும். அதைச் சரிசெய்ய 1930களில் ரிங்கரின் கரைசலில் அவர் லக்ரேற்றைச் சேர்த்தார். பிரித்தானியா, அவுஸ்திரேலியா, இலங்கை வைத்தியசாலைகளில் "ஹார்ட்மன்" என்றும், இந்தியாவில் "ஆர்.எல்." என்றும் தொங்கும் போத்தல் இதுதான். பெரியவர்களுக்கு விபத்திலும் சத்திரசிகிச்சையிலும் இன்று கொடுக்கும் இந்தக் கரைசல் குழந்தைகளின் வார்ட்டிலிருந்து வந்தது.

அப்பாவின் கை, மகளின் கால்

இனி இரண்டாவது கேள்வி: யாருடைய இரத்தம்?

1901இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்ரெய்னர் இரத்தப் பிரிவுகளைக் கண்டறிந்து வெளியிட்டார். சிலருடைய இரத்தம் வேறு சிலருடையதோடு சேர்ந்தால் ஏன் கட்டிபடுகிறது என்பதற்கு விளக்கம் கிடைத்தது. 1907இல் நியூயோர்க்கில் ரூபன் ஒட்டன்பேர்க் இரத்தம் ஏற்றுமுன் பொருத்தம் பார்க்கத் தொடங்கினார். ஆனால் பெரும்பாலான மருத்துவர்கள் இதைக் கவனிக்கவே இல்லை.

1908 மார்ச் மாதம், அதே நியூயோர்க் நகரம். ஏட்ரியன் லம்பேர்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் மகள் பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. குழந்தைக்கு இரத்தக் கசிவு நிற்கவில்லை. உடம்பு வெளிறிக்கொண்டே போனது. இரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கும் முறையை உருவாக்கிய அலெக்சிஸ் கரேல் அந்த ஊரில்தான் வேலை செய்தார். ஆனால் அவர் அதை விலங்குகளில்தான் செய்துகொண்டிருந்தார். இரவில் அவரைப் போய் எழுப்பி அழைத்து வந்தார்கள்.

வீட்டிலேயே அப்பாவையும் மகளையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். அப்பாவின் மணிக்கட்டில் உள்ள நாடியை மகளின் முழங்காலுக்குப் பின்னால் இருந்த நாளத்தோடு கரேல் தைத்தார். அந்த வயதுக் குழந்தையின் நாளம் எவ்வளவு மெல்லியது என்று யோசித்துப் பாருங்கள். தையல் முடிந்து இரத்தம் பாய்ந்ததும், வெளிறிக் கிடந்த குழந்தை சிவக்கத் தொடங்கியது. கசிவும் நின்றது. அவள் பிழைத்தாள்.

இரண்டு விஷயங்களை இங்கே கவனிக்க வேண்டும். ஒன்று, இரத்தப் பிரிவுப் பரிசோதனை நடக்கவில்லை. அப்பாவின் இரத்தம் மகளுக்குப் பொருந்தாமலும் இருந்திருக்கலாம். பெற்றோரின் இரத்தம் பிள்ளைக்குக் கட்டாயம் சேரும் என்று இன்றும் நம் வீடுகளில் சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. மற்றது, எவ்வளவு இரத்தம் போனது என்று அளக்க வழி இருக்கவில்லை. குழந்தையின் தோல் நிறத்தைப் பார்த்து, போதும் என்று நிறுத்தினார்கள்.

அந்தக் குழந்தைக்கு இருந்த நோய்க்குக் காரணம் பிறகுதான் தெரியவந்தது. பிறந்த குழந்தைகளின் உடம்பில் விற்றமின் கே மிகக் குறைவு. அது இல்லாவிட்டால் இரத்தம் சரியாக உறையாது. இந்த விற்றமினை 1930களில் கண்டுபிடித்த டென்மார்க் விஞ்ஞானி ஹென்ரிக் டாம் 1943ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நீங்கள் கனடாவிலோ பிரித்தானியாவிலோ பிறந்திருந்தால், பிறந்தவுடன் உங்கள் தொடையில் விற்றமின் கே ஊசி பெரும்பாலும் போட்டிருப்பார்கள். கரேலின் அற்புதத் தையல் இந்த நோய்க்கு இன்று தேவையில்லை.

மஞ்சளாகிப் போன குழந்தைகள்

முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்பு, இரத்தம் உறையாமல் வைத்திருக்க சிற்றேற் என்ற உப்பு உதவும் என்று கண்டுபிடித்தார்கள். அதன்பின் கொடுப்பவரும் பெறுபவரும் பக்கத்தில் படுக்க வேண்டியதில்லை. 1937இல் சிக்காகோவில் பேர்ணாட் ஃபன்ரஸ் "இரத்த வங்கி" என்ற பெயரையே வைத்தார்.

குழந்தைகளின் கதை இதற்கிடையே ரொறன்ரோவுக்குப் போகிறது. அங்குள்ள சிறுவர் வைத்தியசாலையில் புரூஸ் றொபேட்சன் என்ற மருத்துவர் போருக்கு முன்பே பிள்ளைகளுக்கு இரத்தம் ஏற்றிப் பழகியிருந்தார். போர்முனையில் பிரித்தானிய இராணுவ மருத்துவர்களுக்கு இரத்தம் ஏற்றும் பழக்கத்தைக் கொண்டுபோனவர்களில் அவர் முக்கியமானவர். போர் முடிந்து திரும்பியதும், தீக்காயம் பட்ட பிள்ளைகளுக்கு ஒரு புது முறையைச் செய்து பார்த்தார். நச்சு கலந்த இரத்தத்தை வெளியே எடுத்துக்கொண்டே நல்ல இரத்தத்தை உள்ளே விடுவது.

அதே வைத்தியசாலையில் 1925இல் அல்பிரட் ஹார்ட் என்ற மருத்துவர் இந்த முறையை ஒரு பச்சைக் குழந்தைக்குப் பயன்படுத்தினார். அந்தக் குடும்பம் முன்பு பிறந்த பிள்ளைகளைக் கடும் மஞ்சள் காமாலையால் இழந்திருந்தது. இந்தக் குழந்தையும் மஞ்சளாகத் தொடங்கியது. ஹார்ட் அதன் இரத்தத்தை மாற்றினார், குழந்தை பிழைத்தது. ஏன் பிழைத்தது என்று அவருக்கே முழுமையாகத் தெரியாது. உடம்பில் ஏதோ நச்சு இருக்கிறது என்று ஊகித்திருந்தார்.

விளக்கம் 15 வருடங்கள் கழித்து, 1940 அளவில் வந்தது. அதுதான் ஆர்எச் காரணி. உங்கள் இரத்தப் பிரிவின் பின்னால் வரும் "பொசிற்றிவ்", "நெகற்றிவ்" அதைத்தான் குறிக்கிறது. அம்மா நெகற்றிவ், வயிற்றில் குழந்தை பொசிற்றிவ் என்றால், பிரசவத்தின்போது குழந்தையின் இரத்தம் சிறிது அம்மாவின் உடம்பில் கலக்கலாம். அம்மாவின் உடம்பு அதை எதிரியாக நினைத்து எதிர்ப்பொருளை உருவாக்கும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த குழந்தையின் சிவப்பணுக்களை அந்த எதிர்ப்பொருள் உடைக்கும். ஒரு குடும்பத்தில் முதல் பிள்ளை நன்றாக இருக்க, பின்னால் பிறந்தவை ஒவ்வொன்றாக இறந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

1940களின் பிற்பகுதியில் பொஸ்டனில் லூயிஸ் டயமண்ட், மெல்லிய பிளாஸ்ரிக் குழாயைத் தொப்புள்கொடியின் நாளத்துக்குள் விட்டு இரத்தம் மாற்றும் முறையைக் கொண்டுவந்தார். உலகம் முழுவதும் இது பரவியது. 1950களில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் உள்ள ஒரு வைத்தியசாலையில், குழந்தைகளை வெயிலில் கொண்டுபோய் வைத்த ஜீன் வார்ட் என்ற தாதி, வெளிச்சம் பட்ட இடத்தில் மஞ்சள் குறைவதைக் கவனித்து மருத்துவர்களிடம் காட்டினார். உங்கள் குழந்தைப் படங்களில் நீல வெளிச்சத்துக்குக் கீழே கண்ணைக் கட்டிப் படுத்திருக்கும் படம் இருந்தால், அது அந்தத் தாதியின் கவனிப்பிலிருந்து வந்த சிகிச்சை.

1960களில் லிவர்பூலிலும் நியூயோர்க்கிலும் இருந்த குழுக்கள் இந்த நோயையே தடுக்கும் ஊசியைக் கண்டுபிடித்தன. அந்த ஊசியைத் தொழிற்சாலையில் இரசாயனம் கலந்து செய்ய முடியாது. அந்த எதிர்ப்பொருள் உள்ள மனிதர்களின் பிளாஸ்மாவிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. அவுஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹரிசனை இங்கேதான் சந்திக்கிறோம். 1951இல், 14 வயதில், அவருக்குப் பெரிய நெஞ்சுச் சத்திரசிகிச்சை நடந்தது. முன்பின் தெரியாதவர்கள் கொடுத்த இரத்தத்தால் உயிர் பிழைத்தார். தானும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்து, வயது வந்ததும் 1954இல் கொடுக்கத் தொடங்கினார். அவருடைய இரத்தத்தில் அந்த அரிய எதிர்ப்பொருள் இருப்பது பின்னர் தெரிந்தது. 2018 வரை 1,173 தடவை கொடுத்தார். 24 இலட்சம் குழந்தைகளின் பாதுகாப்பில் அவருக்குப் பங்கு உண்டு என்று அந்நாட்டு இரத்த சேவை கணக்கிடுகிறது. 2025 பெப்ரவரியில், 88ஆவது வயதில், அவர் காலமானார்.

ஒரு கோலா ரின் கூட இல்லை

இப்போது மூன்றாவது கேள்வி: எவ்வளவு?

பிறந்த குழந்தையின் உடம்பில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 80 மில்லிலீற்றர் இரத்தம் இருக்கும். மூன்று கிலோக் குழந்தை என்றால் மொத்தம் 250 மில்லிலீற்றர் அளவு. கடையில் வாங்கும் ஒரு கோலா ரின் 330. குறைமாதத்தில் ஒரு கிலோவில் பிறந்த குழந்தைக்கு 100 மில்லிலீற்றர் கூட இல்லை. அந்தக் குழந்தையிடம் பரிசோதனைக்காக எடுக்கும் ஒவ்வொரு துளியும் கணக்கு. பெரியவருக்குச் சும்மா ஒரு போத்தல் எனத் தோன்றுவது, இந்தக் குழந்தைக்கு முழு உடம்பின் இரத்தத்தை விட அதிகம். கூடினால் இதயமும் நுரையீரலும் தாங்காது.

1957இல் மல்கம் ஹொலிடே, வில்லியம் செகார் என்ற இரண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் எளிய கணக்கு ஒன்றைத் தந்தார்கள். முதல் 10 கிலோ எடைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 100 மில்லிலீற்றர், அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் இதை மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கோடு கொடுத்த கரைசலில் உப்பு குறைவாக இருந்தது. நோயுற்ற சில பிள்ளைகளின் இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி, மூளை வீங்கி, இறந்துபோனார்கள். 2018இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரத்தத்துக்குச் சமமான உப்பு உள்ள கரைசலே வேண்டும் என்று அறிவித்தது. அளவு சரியாக இருந்தும் "எதை" என்ற முதல் கேள்வி திரும்ப வந்து நின்றது.

1971இல் வங்காளதேசப் போரின்போது, எல்லையில் உள்ள பங்காவ் அகதி முகாமில் கொலரா பரவியது. குழந்தை மருத்துவர் திலீப் மகலநாபிஸ் அங்கே இருந்தார். நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துகொண்டே வந்தது. அவர் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் பொட்டலமாகக் கட்டி, தண்ணீரில் கரைத்து வாயால் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். குடிக்கக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் சொந்தக்காரர். 30 சதவீதம் வரை இருந்த மரணம் ஏறக்குறைய 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. ஊசியே தேவைப்படாத வழி இது. இன்று வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு நாம் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி பைக்கற் இந்த வழியில் வந்ததுதான்.

இன்னொரு அதிர்ச்சி 2011இல் வந்தது. கடும் காய்ச்சலோடு இரத்த ஓட்டம் குறைந்து வரும் பிள்ளைக்கு வேகமாகச் சேலைன் ஏற்ற வேண்டும் என்பது அப்போது எல்லோரும் நம்பிய விதி. உகண்டா, கென்யா, தன்சானியாவில் 3,141 பிள்ளைகளிடம் இதை முறையாகச் சோதித்தார்கள். வேகமாக ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் 10.5 சதவீதம் அளவில் இறந்தார்கள். அப்படி ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். நல்லது என்று நம்பிச் செய்ததே அந்தப் பிள்ளைகளில் கெடுதலாக முடிந்திருந்தது.

இரத்தத்தோடு வந்த நோய்

இரத்தம் கொடுப்பவர் யார் என்ற கேள்வியும் ஒருமுறை மிகக் கொடூரமாகத் திரும்பி வந்தது. இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயுள்ள சிறுவர்களுக்கு 1970களில் ஒரு மருந்துத் தூள் வந்தது. ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து அதைச் செய்தார்கள். பணத்துக்காகக் கொடுத்தவர்களும், அமெரிக்கச் சிறைக் கைதிகளும் அதில் அடக்கம். ஒருவருக்கு நோய் இருந்தாலும் முழுத் தொகுதிக்கும் பரவும். எச்.ஐ.வி.யும் ஹெபடைற்றிஸ் சி-யும் அப்படித்தான் பரவின. இங்கிலாந்தின் ட்ரீலோர்ஸ் என்ற விடுதிப் பள்ளியில் 1970க்கும் 1987க்கும் இடையில் ஹீமோபிலியாவோடு படித்த 122 மாணவர்களில் ஏறக்குறைய 30 பேர்தான் இன்று உயிரோடு இருக்கிறார்கள். 2024 மே மாதம் வெளியான பிரித்தானிய விசாரணை அறிக்கை, இந்த ஆபத்து தெரிந்தும் அதிகாரிகள் மறைத்தார்கள் என்று சொன்னது. கனடாவில் நடந்த கிறீவர் விசாரணைக்குப் பிறகு, 1998இல் இரத்த சேவையையே புதிதாகக் கட்டினார்கள். இந்தியாவில் அதே ஆண்டு, பணத்துக்கு இரத்தம் வாங்குவது தடை செய்யப்பட்டது.

இன்று ஒரு பிள்ளைக்கு இரத்தம் ஏற்றும்போது தாதி பெயரையும் பிறந்த திகதியையும் திரும்பத் திரும்பக் கேட்டால், எரிச்சல்பட வேண்டாம். கைப்பட்டியையும் இரத்தப் பையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முதலில் மெதுவாக விடுவார்கள். முதல் 15 நிமிடம் பக்கத்தில் நின்று காய்ச்சல், நாடித்துடிப்பு, தோலில் தடிப்பு எல்லாம் பார்ப்பார்கள். "முதுகு நோகுது, மூச்சு முட்டுது" என்று பெரியவர் சொல்லுவார், கைக்குழந்தை சொல்லாது. அதனால் பார்த்துக்கொண்டிருப்பவர்தான் அதற்கு வாய். உங்கள் தம்பி, தங்கைக்கு இது நடக்கும்போது, மொழி புரியாமல் அம்மம்மா பக்கத்தில் இருந்தால், இதை அவருக்குத் தமிழில் விளங்கப்படுத்துங்கள். பிள்ளையின் முகத்தில் மாற்றம் தெரிந்தால் உடனே கூப்பிடச் சொல்லுங்கள்.

நம்முடைய பங்கு

ஒரு விஷயத்தை மட்டும் நம் சமூகத்துக்கென்று சொல்ல வேண்டும். இரத்தப் பிரிவுகள் எல்லா மக்களிடமும் ஒரே அளவில் இல்லை. தெற்காசியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பி பிரிவு. பிரித்தானியாவில் மொத்த மக்களில் பத்தில் ஒருவர் அளவுதான். 1952இல் பம்பாயில் வை. எம். பெண்டேயும் உடன் ஆய்வாளர்களும் கண்டறிந்த "பம்பாய் பிரிவு" ஐரோப்பியரிடம் மிக மிக அரிது. அந்தப் பிரிவுள்ளவருக்கு ஓ இரத்தம் கூடச் சேராது. அடிக்கடி இரத்தம் தேவைப்படும் தலசீமியா போன்ற நோயுள்ள பிள்ளைக்கு, நுணுக்கமான பொருத்தம் உள்ள இரத்தம் பெரும்பாலும் அதே பின்னணியில் வந்தவரிடம்தான் கிடைக்கும். நாம் கொடுக்காவிட்டால், நம் பிள்ளைகளுக்குப் பொருந்துவதைத் தேடுவது கடினம்.

பிரித்தானியாவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் 17 வயதில் கொடுக்கலாம், அவுஸ்திரேலியாவில் 18. ஊருக்குப் போய்வந்திருந்தால் மலேரியா விதிக்காகச் சில மாதம் பொறுக்கச் சொல்லலாம், அதனால் முன்பே கேட்டுவிடுங்கள். "இரத்தம் குடுத்தா உடம்பு வீணாப்போகும்" என்று அம்மா பயப்பட்டால், எடுப்பது அரை லீற்றருக்கும் குறைவு, பெரியவரின் உடம்பில் ஐந்து லீற்றர் அளவில் இருக்கிறது, தண்ணீர்ப் பகுதி ஓரிரு நாளிலும் சிவப்பணுக்கள் சில வாரங்களிலும் திரும்பிவிடும் என்று சொல்லுங்கள்.

அந்த அரை லீற்றருக்கும் குறைந்த ஒரே பையைச் சின்னச் சின்னப் பைகளாகப் பிரித்து, குறைமாதக் குழந்தைகள் பலருக்குக் கொடுப்பார்கள். ஒரு குழந்தைக்கு ஒரு தடவைக்குச் சில மேசைக்கரண்டி அளவு போதும்.